தும்புத்தடியும் இசைக்கவையும்

உயிரியலில் நான் எடுத்த புள்ளிகளை இந்தப் பழைய மாணவர் சங்க மலரில் எழுதாமல் விடுவது சங்கத்துக்கும் நல்லது, எனக்கும் நல்லது. ஆய்வுகூட யன்னலுக்கு வெளியே குடியிருந்த தோட்டச் சிலந்தியைப் பற்றி எழுதுகிறேன்.

வகுப்பில் கதைத்ததற்குத் தண்டனையாக, தும்புத்தடியோடு ஒட்டடை தட்ட அனுப்பப்பட்டிருந்தேன். தடியை ஓங்கும்போது விலங்கியல் சேர், "பொறடா, அது ஒட்டடையில்லை, வலை" என்றார். பௌதிக ஆய்வுகூடத்தில் ஒரு இசைக்கவை, அதாவது தட்டினால் அதிர்ந்து ஒலிக்கும் உலோகக் கவை, வாங்கி வரச் சொன்னார். அதைச் சப்பாத்து அடியில் தட்டி, அதிரும் நுனியால் வலையோரத்து இழையொன்றை மெல்லத் தொட்டார். நடுவில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தவள் ஒரே ஓட்டமாக வந்து கவையைக் கட்டிப்பிடித்தாள். பின்கால்களால் இழையை இழுத்துச் சுற்றவும் தொடங்கிவிட்டாள். "எட்டுக் கண் இருந்தும் பார்வை மட்டு. காலாலதான் எல்லாம் அறியிறாள்" என்றார் சேர்.

அப்புறம் இரண்டு கிழமை, அவள் வலை கட்டுவதைப் பார்க்க நான் நேரத்தோடே பள்ளிக்கூடம் வந்தேன். அதற்கு முன்னும் பின்னும் அப்படி நடந்ததில்லை. முதலில் வெளிச்சட்டம், சைக்கிள் சில்லுக் கம்பி மாதிரி ஆரங்கள், பிறகு நடுவிலிருந்து வெளியே போகும் ஒரு தற்காலிகச் சுருள். மேசன்மார் சாரம் கட்டுகிற மாதிரி. அதில் கால் வைத்து, வெளியிலிருந்து உள்ளே பசைச் சுருளைப் போட்டுக்கொண்டே சாரத்தைக் கழற்றிவிடுவாள். ஆரங்களில் பசை கிடையாது. பழைய வலையைத் தின்றுவிடுவாள். அதன் புரதம் புது இழைக்குத் திரும்பிவிடும்.

ஒருநாள் அவளில் கால்வாசிகூட இல்லாத ஆண் ஒன்று ஓரத்து இழையை மீட்டிக்கொண்டு நின்றது. அடுத்த நாள் காணோம். கேட்டதற்கு சேர் சிரித்தார், அவ்வளவுதான்.

1973இல் ஸ்கைலாப் விண்வெளி நிலையத்துக்கு அரபெல்லா, அனிற்றா என்று இரண்டு தோட்டச் சிலந்திகள் போன கதையையும் அவர்தான் சொன்னார். முதலில் அலங்கோலமாகக் கட்டி, சில நாளில் எடையின்மைக்குப் பழகி ஒழுங்கான வலையே கட்டினவாம். அந்தச் சோதனைக்கு யோசனை கொடுத்தது ஒரு பள்ளி மாணவி என்று சொல்லிவிட்டு, என்னையும் தும்புத்தடியையும் மாறிமாறிப் பார்த்தார்.

போன மாதம் எங்கள் குளியலறை யன்னலுக்கு வெளியே ஒரு வலை. மகள் தும்புத்தடியோடு வந்தாள். "பொறு பிள்ளை" என்றேன். வீட்டில் இசைக்கவைக்கு எங்கே போக? மின்சாரப் பல்துலக்கியைப் போட்டுவிட்டு, அதன் பின்பக்கத்தால் இழையைத் தொட்டோம்.

ஓடி வந்தாள்.