ஏழாம் நம்பர் எவ்வளவு தூரம்? ஒரு கோல்ஃப் நாட்குறிப்பு

மார்ச் 2, 2025, ஞாயிறு

பந்து அடித்துப் பழகும் ரேஞ்சில் இன்று ஒரு மணி நேரத்துக்கு லாஞ்ச் மானிட்டர் (பந்து பறக்கும் தூரத்தை அளக்கும் கருவி) எடுத்தேன். பையில் இருக்கிற ஒவ்வொரு மட்டையும் என் கையில் எத்தனை யார்டு போகிறது என்று ஒருமுறை ஒழுங்காக எழுதி வைத்துவிட வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை.

கோல்ஃப் ஆடுகிறவர்களிடம் “செவன் அயர்ன் எவ்வளவு அடிப்பீங்க?” என்று கேட்டுப் பாருங்கள். அது ஏழாம் நம்பர் இரும்பு மட்டை; நம்பர் ஏற ஏற மட்டை குட்டை, தூரமும் குறைய வேண்டும். யோசிக்காமல் ஒரு எண் வரும். பின்காற்று வீச, கோடையில் காய்ந்த தரையில், பந்து உருண்டு உருண்டு போன என்றைக்கோ ஒரு நாள் அடியின் எண் அது. அதை நம்பித்தான் மறுவாரம் குளத்தைத் தாண்ட மட்டையை உருவுவார்கள்.

அதனால் நான் இப்படிச் செய்தேன். மட்டைக்குப் பத்து அடி. மிக நன்றாகப் பட்ட இரண்டையும் படுமோசமான இரண்டையும் தள்ளிவிட்டு, மிச்சத்தின் நடுவில் இருப்பதை எடுத்துக்கொண்டேன். அதுவும் கேரி மட்டும். அதாவது பந்து காற்றில் பறந்து முதன்முதலாகத் தரையைத் தொடும் இடம் வரை. உருளுவது தரையின் புண்ணியம், அதை எழுதவில்லை.

மிக நீளமான டிரைவரில் தொடங்கி குட்டையான வெட்ஜ் வரை, யார்டில்: டிரைவர் 158. ஐந்தாம் நம்பர் வுட் 138. ஹைப்ரிட் (வுட்டுக்கும் அயர்னுக்கும் இடைப்பட்டது) 124. 5 அயர்ன் 111. 6 அயர்ன் 113. 7 அயர்ன் 108. 8 அயர்ன் 100. 9 அயர்ன் 91. பிட்சிங் வெட்ஜ் 81. சாண்ட் வெட்ஜ் 58.

நாற்பத்தாறு வயதுப் பெண்ணுக்கு டிரைவர் பரவாயில்லை. ஆனால் 5, 6, 7 மூன்றும் ஐந்து யார்டுக்குள் அடங்கிவிட்டதே!

மார்ச் 9, ஞாயிறு

தொழில்முறை ஆட்டக்காரர்களின் கணக்கை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பந்தை ரேடாரில் அளக்கும் டிராக்மேன் நிறுவனம் சில வருடங்களுக்கு முன் வெளியிட்ட சராசரிகள் இவை. அமெரிக்க பிஜிஏ டூர் ஆண்கள்: டிரைவர் கேரி 275, 7 அயர்ன் 172, பிட்சிங் வெட்ஜ் 136. எல்பிஜிஏ பெண்கள்: டிரைவர் 218, 7 அயர்ன் 141, பிட்சிங் வெட்ஜ் 107. பிறகு வந்த கணக்கில் ஆண்களின் டிரைவர் 282 ஆகிவிட்டது.

அந்த ஆண்களின் மட்டைத் தலை மணிக்கு 113 மைல் வேகத்தில் பந்தைச் சந்திக்கிறது. பெண்களுடையது 94. என்னுடையது 75-ஐ ஒட்டி. டிரைவரில் ஒரு மைல் வேகம் கூடினால் தோராயமாக இரண்டு, இரண்டரை யார்டு கூடும். மீதி எல்லாம் பந்து எவ்வளவு நடுவில் படுகிறது என்பதைப் பொறுத்தது.

நான் கவனித்தது இடைவெளிகளைத்தான். ஆண்களின் அயர்ன்களில் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் 9 முதல் 12 யார்டு. பெண்களுக்கும் கிட்டத்தட்ட அதேதான். படிக்கட்டு மாதிரி சீராக இறங்குகிறது. எவ்வளவு நீளம் அடிக்கிறோம் என்பதைவிட இந்தச் சீர் முக்கியம் என்று எனக்குப் படுகிறது. 120 யார்டில் கொடி நின்றால் 120-க்கு என்று ஒரு மட்டை இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பெங்களூருப் பெண் அதிதி அசோக்கை நினைத்துக்கொண்டேன். டோக்கியோ ஒலிம்பிக்ஸில், அதாவது 2021 ஆகஸ்ட்டில், கசுமிகசேகி மைதானத்தில் ஆடிய அறுபது பேரில் டிரைவர் மிகக் குறைவாகப் போனவர்களில் அவரும் ஒருவர். மற்றவர்கள் குட்டை அயர்னால் கிரீனுக்கு (குழி இருக்கும் மழித்த புல்தரை) அடித்த இடங்களில் இவர் வுட்டையும் ஹைப்ரிட்டையும் எடுத்தார். ஆனால் எந்த மட்டை எங்கே போய் விழும் என்று அவருக்குத் துல்லியமாகத் தெரியும், கிரீனில் பந்தைக் குழிக்குள் உருட்டிவிடும் பட்டிங் அதைவிட அபாரம். ஒரே ஒரு ஸ்ட்ரோக்கில் வெண்கலம் நழுவி நாலாவது இடம். அந்தச் சனிக்கிழமை காலை கோல்ஃபே தெரியாத என் மாமியார்கூட டிவி முன்னால் உட்கார்ந்து “அந்தப் பொண்ணு போட்டுருச்சா?” என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

மார்ச் 16, ஞாயிறு

5 அயர்னும் 6 அயர்னும் ஒரே இடத்தில் விழுவது ஏன் என்று பயிற்சியாளரிடம் கேட்டேன். கேட்டுக் கேட்டுச் சலித்த கேள்வி போல. நம்பர் குறையக் குறைய மட்டை முகத்தின் சாய்வும் குறையும். சாய்வு குறைந்த மட்டையால் அடித்தால் பந்து மேலே எழும்ப வேகம் வேண்டும். வேகம் இல்லாதவர் கையில் அது தாழ்வாகப் போய் சீக்கிரம் தரைக்கு வந்துவிடும். காகிதத்தில் நீளமான மட்டை, பறப்பதில் குட்டை மட்டை. டிரைவரை 80 மைலுக்குக் கீழே சுழற்றுகிறவர்கள் பெரும்பாலோருக்கு 5 அயர்ன் பையில் வெறும் சுமை என்றார்.

ஹைப்ரிட்டின் அடிப்பகுதி அகலம், எடை கீழேயும் பின்னாலேயும் இருக்கிறது. அதே சாய்விலும் பந்து உயரமாக எழும்புகிறது. 5, 6 இரண்டையும் வெளியே எடுத்துவிட்டு ஆறாம் நம்பர் ஹைப்ரிட் ஒன்று கடன் வாங்கி அடித்தேன். 116. ஹைப்ரிட் 124-க்கும் 7 அயர்ன் 108-க்கும் சரியாக நடுவில்.

மார்ச் 23, ஞாயிறு

இன்று சித்தப்பா தன் பழைய செட்டோடு வந்தார். 1980-களில் பேங்க் வேலையில் இருந்தபோது யாரோ வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து விற்றதாம். கத்தி மாதிரி மெலிந்த முகம், க்ரோம் உரிந்து ஓரத்தில் செம்பு நிறம் தெரிகிறது, கைப்பிடி ரப்பர் பாறையாகிவிட்டது. இன்னும் அதில்தான் ஆடுகிறார்.

“பாப்பா, நீ செவன் அயர்ன்ல 108 அடிக்கிறியா? நான் எழுபத்து மூணு வயசுல 115 தான். உன் வயசுல உன் சித்திக்கு எண்பதே பெரிசு. எப்படி?”

மட்டை பழுது பார்க்கும் கடைக்குப் போனோம். அங்கே சாய்வு அளக்கும் கருவி இருக்கிறது. மட்டையைப் பட்டறைப் பிடிப்பு மாதிரி ஒன்றில் இறுக்கி, முகத்தோடு ஒட்டி ஒரு தகடை நகர்த்தினால் முள் டிகிரி காட்டும். சித்தப்பாவின் 7 அயர்ன்: 37. என் 7 அயர்ன்: 29. சித்தப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். பிறகு என் 9 அயர்னை வைத்தார் கடைக்காரர். 38.

ஆக, அவர் ஏழு என்று உருவுவதும் நான் ஒன்பது என்று உருவுவதும் கிட்டத்தட்ட ஒரே மட்டை. அவருடைய ஏழால் நான் அடித்துப் பார்த்தேன், 90-ஐ ஒட்டியே விழுந்தது. என் ஒன்பதுக்கும் அதேதான்.

“அப்போ நம்பரை மாத்தி எழுதி ஏமாத்துறானுங்க!”

முழுக்க அப்படியும் சொல்ல முடியாது. புது மட்டைகளில் எடை தாழ்வாக இருப்பதால் பந்து தானாகவே உயரமாக எழும்புகிறது, அதைச் சமன்படுத்தச் சாய்வைக் குறைக்க வேண்டியிருக்கிறது. ஆனாலும் “எங்க செவன் அயர்ன் பத்து யார்டு கூடப் போகும்” என்று விளம்பரம் செய்ய இதைவிட மலிவான வழி கிடையாது. ஏழாம் நம்பரின் சாய்வு இத்தனை டிகிரி என்று கோல்ஃப் விதிகளில் எங்கும் இல்லை. பையில் 14 மட்டைக்கு மேல் கூடாது என்று 1938-லிருந்தே அமெரிக்காவில் கோல்ஃப் விதி இருக்கிறது, எண் மட்டும் அவரவர் இஷ்டம். டெய்லர்மேட் நிறுவனத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்: கைதேர்ந்தவர்களுக்கான பி7எம்பி செட்டில் 7 அயர்ன் 34 டிகிரி, எல்லோருக்குமான ஸ்டெல்த் செட்டில் 28.

இன்னொருத்தரின் ஏழோடு நம் ஏழை ஒப்பிட்டுப் பெருமூச்சு விடுகிறவர்கள் முதலில் டிகிரியைக் கேளுங்கள்.

ஏப்ரல் 5, சனி

வெயில் ஏறிவிட்டது. கிரீன்வரை போகும் புல்வெளியான ஃபேர்வே காய்ந்து அப்பளம். டிரைவர் 158-இல் விழுந்து 185 வரை ஓடுகிறது. சந்தோஷமாகத்தான் இருக்கிறது, ஆனால் தண்ணீருக்கு மேல் பந்து உருளாது. குளம் இருக்கிற பார்-3-இல் (மூன்றே அடியில் முடிக்க வேண்டிய குழி) இன்று எங்கள் நால்வரில் இருவர் உள்ளே போட்டார்கள். இருவருமே “மொத்தத் தூரம்” சொல்கிற கட்சி.

ஏப்ரல் 14, திங்கள்

தமிழ்ப் புத்தாண்டு. விடிய விடிய டிவியில் மாஸ்டர்ஸ் கோல்ஃப் போட்டி. ரோரி மெக்கில்ராய் ஜஸ்டின் ரோஸை, சமநிலையை முறிக்கும் பிளே-ஆஃபில் வென்றபோது இங்கே மணி ஐந்துகூட ஆகவில்லை. கோல்ஃபின் நான்கு பெரிய போட்டிகளான மேஜர்களில், பதினொரு வருடமாக அவர் கைக்கு எட்டாமல் இருந்த கடைசி மேஜர். நான்கு மேஜர்களையும் வென்ற ஆறாவது ஆள்.

எல்லோரும் அந்த 15-ஆம் குழி அடியைப் பற்றியே பேசுவார்கள். 200 யார்டுக்கு மேல், மரங்களைச் சுற்றி இடப்பக்கம் வளைத்து, கொடிக்கு ஆறடியில் வைத்தார். 7 அயர்ன்! இதைக் கேட்டுவிட்டு இந்த வாரம் ரேஞ்சில் எத்தனை பேர் இடுப்பைப் பிடித்துக்கொள்ளப் போகிறார்களோ. அடித்த இடத்தைவிடக் கிரீன் தாழ்வாக இருக்கிறது, வலமிருந்து இடம் வளையும் பந்து கொஞ்சம் அதிகமாகவே போகும், நாடி நரம்பெல்லாம் துடித்துக்கொண்டிருக்கும் நேரம். எல்லாம் சேர்ந்துதான் அந்தத் தூரம்.

எனக்கு 13-ஆம் குழிதான் மறக்கவில்லை. 90 யார்டுகூட இல்லை, கையில் வெட்ஜ், முன்னால் அகலமான கிரீன். நேராக ஓடையில் போட்டார். டபுள் போகி, அதாவது குழிக்கு நிர்ணயித்ததைவிட இரண்டு அடி கூடுதல். 7 அயர்னில் 200 தாண்டுகிறவருக்கு அன்றைய தலைவலி 90 யார்டில் வந்தது. பூஜைக்கு மாங்காய் நறுக்கிக்கொண்டே சித்தப்பாவிடம் போனில் இதைத்தான் புலம்பினேன். “குட்டை அடிதாம்மா கஷ்டம், முழுசா சுத்த முடியாதுல்ல” என்றார்.

மே 17, சனி, ஊட்டி

மலர்க் கண்காட்சி நேரம். இ-பாஸ், நெரிசல், எல்லாம் தாண்டி வந்து சேர்ந்தோம். காலை ஏழு மணிக்கு முதல் குழியில் ஆட்டம் தொடங்கினோம். குளிர், புல்லில் ஈரம், சுற்றிலும் வென்லாக் டவுன்ஸ் மேடுகள்.

ஊட்டி சுமார் 2,240 மீட்டர், அதாவது 7,300 அடிக்கு மேல். பந்து கூடுதலாகப் பறப்பதற்கு ஒரு தோராயக் கணக்கு உண்டு: ஆயிரம் அடி உயரத்துக்கு ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல். அப்படியானால் இங்கே எட்டு சதவீதம் கூட வேண்டும். ஏறக்குறைய இதே உயரத்தில் இருக்கும் மெக்சிகோ சிட்டியில் டூர் ஆட்டக்காரர்கள் அதற்கும் மேலே கூட்டிக்கொண்டார்கள்.

என் பந்துக்கு அவ்வளவு கிடைக்கவில்லை. காற்று லேசானால் பந்தை இழுத்துப் பிடிக்கும் தடை குறைகிறது, தூக்கிவிடும் விசையும் கூடவே குறைகிறது. வேகமாக அடிப்பவருக்குத் தடை குறைவது பெரிய லாபம். என்னைப் போல மெதுவாக அடிப்பவருக்குத் தூக்கிவிடும் காற்றும் தேவையாக இருக்கிறது. என் ஏழு இங்கே 112, 113 போனது, அவ்வளவுதான். விழுந்த பந்து நிற்பதும் சிரமம், தாழ்வாக வருவதால் கிரீனில் ஓடுகிறது.

மட்டைப் பையைத் தூக்கிக்கொண்டு கூட வந்த கேடி (caddie) இளைஞர் தூரம் காட்டும் லேசர் கருவியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “மேடம், நூத்திப்பதினெட்டுனு அது காட்டும். பத்து யார்டு கீழ இறங்குது, நூத்தியெட்டா நெனச்சுக்கங்க.” ஒரு யார்டு இறக்கத்துக்கு ஒரு யார்டு கழி என்பது அவருடைய கணக்கு, அது சரியான கணக்குதான். எட்டாம் நம்பரை எடுத்தேன். கிரீனின் முன்பாதியில் விழுந்து கொடிவரை ஓடியது.

சித்தப்பா கேட்கவில்லை. “சென்னையில நான் ஏழுல நூத்திப்பதினஞ்சு. இங்கயும் ஏழுதான்.” பந்து கிரீனுக்கு மேலேயே பறந்து அந்தப் பக்கம் மஞ்சளாகப் பூத்துக் கிடந்த கார்ஸ் முள்புதருக்குள் போனது. வெள்ளைக்காரன் கொண்டுவந்து விட்ட புதர், கையை விட்டால் கிழித்துவிடும். கேடி இளைஞர் தேடவே கிளம்பவில்லை.

மதியம் டீ குடிக்கும்போது காற்றே இல்லாத இடத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. 1971 பிப்ரவரியில் ஆலன் ஷெப்பர்ட் நிலாவில் 6 அயர்ன் தலையை ஒரு குச்சியில் மாட்டி இரண்டு பந்து அடித்தார். மைல் கணக்கில் போவதாக அப்போது சொன்னார். ஐம்பது வருடம் கழித்துப் படங்களை வைத்து அளந்தால் முதல் பந்து 24 யார்டு, இரண்டாவது 40. விண்வெளி உடையில் ஒற்றைக் கையால் அவ்வளவு முடிந்ததே பெரிசு.

“நாப்பதா? அது எனக்கு பட்டர்லயே போகும்” என்றார் சித்தப்பா. கிரீனில் பந்தை உருட்டுகிற மட்டையைச் சொல்கிறார்.

மே 31, சனி

ஆறாம் நம்பர் ஹைப்ரிட் சொந்தமாக வாங்கிவிட்டேன். 5, 6 அயர்ன்கள் விற்பனைக்கு, வேண்டுமென்றால் சொல்லுங்கள்.

இப்போது பட்டியல் மேலிருந்து கீழாக நன்றாக இறங்குகிறது: 158, 138, 124, 116, 108, 100, 91, 81. அதற்குப் பிறகு தடாலென்று 58. பிட்சிங் வெட்ஜுக்கும் சாண்ட் வெட்ஜுக்கும் நடுவில் 23 யார்டு பள்ளம். காரணம் அந்த டிகிரி விளையாட்டேதான். ஏழின் சாய்வைக் குறைத்தவர்கள் பிட்சிங் வெட்ஜையும் சேர்த்து 43-க்கு இறக்கிவிட்டார்கள், சாண்ட் வெட்ஜ் 56-இலேயே நிற்கிறது. மேலே பத்து யார்டு கொடுத்துவிட்டு, கீழே திறந்த ஓட்டையை அடைக்க கேப் வெட்ஜ் என்று தனியாக விற்கிறார்கள்.

சித்தப்பாவின் பழைய பிட்சிங் வெட்ஜ் 50 டிகிரி. அதை எனக்குத் தருவதாகச் சொல்லியிருக்கிறார், கைப்பிடி மட்டும் மாற்ற வேண்டும். 70 யார்டு போனால் கேப் வெட்ஜ் காசு மிச்சம்.