துருப்பிடித்த 207: கேபின் தரை முடிந்தது, லோடு பாடி பாக்கி

தூத்துக்குடி உப்பளங்களில் வருஷக்கணக்காக மூட்டை ஏற்றிய டாடா 207 பிக்கப் வண்டி ஒன்றை, இரும்பு விலைக்குக் கொஞ்சம் மேலே போட்டு வாங்கினேன். இன்ஜினில் ஒரு குறையும் இல்லை. பாடிதான். டிரைவர் பக்கத்து ரப்பர் மேட்டைத் தூக்கினால் கிளட்ச் பெடலுக்குக் கீழே ரோடு தெரிந்தது. டிங்கரிங், பெயின்டிங் எல்லாம் சேர்த்து 70 ஆயிரம் ஆகும் என்றார்கள். அவ்வளவு கையில் இல்லை. சுரண்டுவது, தேய்ப்பது, பெயின்ட் அடிப்பது நான். வெல்டிங்குக்கு மட்டும் நாள் கூலிக்கு ஆள் என்று முடிவானது.

வெல்டர் அண்ணாச்சி வந்ததும் கேபினைப் பார்க்கவே இல்லை. சுத்தியலோடு நேராக அடியில் படுத்துவிட்டார். "தம்பி, தகரம் எப்ப வேணாலும் மாத்தலாம். சேஸ் போயிருந்தா வண்டியை எடைக்குப் போட்டுருங்க." சேஸ் என்பது மொத்த வண்டியையும் தாங்கும் அடிச்சட்டம். நல்ல இரும்பைத் தட்டினால் கணீரென்று கேட்கும், உள்ளே அரித்திருந்தால் சத்தம் மொத்தையாக வரும். பின் பட்டை (லீஃப் ஸ்பிரிங்) மாட்டும் இடங்களில் துருப் பொருக்கு தட்டுத் தட்டாகக் கழன்று விழுந்தது. ஆனால் அதற்கு அடியில் கனமான இரும்பு இருந்தது. துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு உப்பிக்கொள்ளும் என்பதால் பொருக்கின் பருமனைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. மிச்சம் இருக்கிற கனத்தை வெர்னியர் அளவுகோலில் அளந்தால் போதும்.

அடுத்து கேபின் தரை. ஓட்டையை அடைக்கும் முன் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். முன் கண்ணாடியில் மேலிருந்து ஒருவர் மக்கில் ஊற்ற, நான் டேஷ்போர்டுக்கு அடியில் டார்ச்சோடு படுத்துக்கொண்டேன். இடது கீழ் மூலை ரப்பர் காய்ந்து சுருங்கி, தண்ணீர் உள்பக்கத் தகடு வழியாகத் தரைக்கு இறங்கிக்கொண்டிருந்தது. கதவுகளின் அடியில் தண்ணீர் வடியும் துளைகளில் உப்புச் சேறு இறுகிக் கிடந்தது. சைக்கிள் ஸ்போக்கை விட்டுக் குத்தியதும் பழுப்புத் தண்ணீர் கொட்டியது. இதையெல்லாம் விட்டுவிட்டுப் புதுத் தகடு போட்டால் அடுத்த மழைக்காலத்துக்கு அதுவும் போய்விடும்.

எங்கள் ஊர் துருவில் ஒரு கூடுதல் தொல்லை உண்டு. வெறும் சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துத் தானாகக் கசியும். கடல் உப்போடு வரும் மெக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். கடலோரத்தில் அதற்குக் கீழே இறங்குவது அபூர்வம். அதாவது உப்பு ஏறிய தகடு, மழை இல்லாவிட்டாலும் காய்வதே இல்லை. கிரைண்டரில் கப் பிரஷ் போட்டுப் பளபளவென்று தேய்த்துவிட்டு மறுநாள் காலையில் பார்த்தால், ஊசி முனை அளவு குழிகளில் மட்டும் கருப்பாக ஈரம் பூத்திருந்தது. மேல்துரு போனாலும் குழிக்குள் குளோரைடு உட்கார்ந்திருக்கிறது. அதன்மேல் எவ்வளவு விலையுயர்ந்த பிரைமர் அடித்தாலும் கொப்புளிக்கும்.

கழுவ வேண்டும், ஆனால் போர் தண்ணீரில் கழுவினால் உப்பைத் திரும்பப் பூசிய கதைதான். குடிக்க வாங்கும் 20 லிட்டர் கேன் தண்ணீரைச் சூடாக்கி, வயர் பிரஷ்ஷால் தேய்த்து, துணியால் ஒற்றி எடுத்தேன். காலையில் கருப்புப் புள்ளி வராத வரைக்கும் இதே வேலை. பார்ப்பவர்கள் சிரித்தார்கள். மொத்தச் செலவில் இதைவிட லாபமான செலவு இல்லை என்றே சொல்வேன்.

தகடு விஷயத்தில் ஜி.ஐ., அதாவது துத்தநாகம் பூசிய தகடு, வாங்கச் சொல்லி நிறையப் பேர் யோசனை சொன்னார்கள். வெல்டிங் சூட்டில் துத்தநாகப் பூச்சு எரிந்து வெள்ளைப் புகை வரும், அதைச் சுவாசித்தால் ராத்திரி குளிர் ஜுரம். பால் குடித்தால் சரியாகிவிடும் என்பது பட்டறை நம்பிக்கை. நான் சாதாரண 18 கேஜ் கனமுள்ள, பூச்சு இல்லாத சி.ஆர். (கோல்ட் ரோல்டு) தகடே வாங்கினேன். பழைய அட்டைப்பெட்டியை வெட்டி, தரையின் வளைவுக்குப் பொருத்திப் பார்த்து, அந்த அளவில் தகட்டை வெட்டினேன். பழைய தரையில் நைந்த பாகம் முழுவதையும், நல்ல இரும்பு வரும் வரை தயங்காமல் வெட்டிவிட வேண்டும். நைந்த விளிம்பில் வெல்டிங் நிற்காது.

பேட்டரி வயரைக் கழற்றி, சீட்டை வெளியே எடுத்து, பக்கத்தில் வாளித் தண்ணீரும் மணலும் வைத்துவிட்டுத்தான் அண்ணாச்சி பற்றவைத்தார். மெல்லிய தகட்டுக்குக் கம்பிச் சுருளும் வாயுவும் வைத்துப் பற்றவைக்கும் சி.ஓ.டூ வெல்டிங்தான் சரி, குச்சி வைத்துப் பற்றவைக்கும் ஆர்க் போட்டால் பொத்துக்கொள்ளும். ஒரே கோடாக இழுக்காமல் இங்கொரு பொட்டு, எதிர்மூலையில் ஒரு பொட்டு என்று வைத்துக்கொண்டே போனார். ஒரே இடத்தில் சூடு ஏறினால் தகடு அப்பளம் மாதிரி நெளிந்துவிடும். இடைவெளி விழுந்த இடத்தில் பின்னால் ஒரு தட்டையான செம்புத் துண்டை அணைத்துப் பிடிக்கச் சொன்னார். செம்பில் இரும்பு ஒட்டாது, ஓட்டை மட்டும் நிரம்பிவிடும்.

பிரைமருக்கு மட்டும் கஞ்சத்தனம் பார்க்கவில்லை. ரெட் ஆக்சைடு மலிவுதான், ஆனால் ஈரத்தை உள்ளே விடும். தரைக்கும் சேஸுக்கும் ஹார்டனர் கலக்கும் எபாக்சி பிரைமர், இணைப்புகளில் சீலன்ட், அதன்மேல் கருப்பு எனாமல். பாஸ்பாரிக் ஆசிட்டை, பிரஷ் நுழையாத மூலைகளில் மட்டும் தடவி நன்றாகக் கழுவிவிட்டேன். ஆசிட் மிச்சம் இருந்தால் எபாக்சி பிடிக்காது. கதவின் உள்பக்கம் மெழுகு ஸ்பிரே. வேஸ்ட் ஆயில் அடிக்கலாம் என்பார்கள். ரப்பர் புஷ் எல்லாம் ஊறிப் போகும், எனக்கு அதில் இஷ்டமில்லை. பள்ளம் நிரப்பும் பட்டி (புட்டி) வெளிப்புறத்தில் மட்டும், அதுவும் மெல்லிசாக.

இதுவரை கூலியோடு 19 ஆயிரம் ஆகியிருக்கிறது. கிரைண்டர் ஏற்கெனவே இருந்தது. எஃப்.சி.க்கு (வண்டியின் தகுதிச் சான்றுக்கு) இன்னும் நேரம் இருக்கிறது. அடுத்தது லோடு பாடி, அதாவது சரக்கு ஏற்றும் பின்பகுதி. தரைத் தகடும் குறுக்குச் சட்டமும் ஒட்டும் இடுக்கில்தான் உப்பு அதிகம் தேங்கியிருக்கிறது. தகட்டை முழுசாகக் கழற்றாமல் அதைக் கழுவ வழியில்லை. போல்ட்டுகள் ஒன்றுகூட அசையவில்லை. டீசலில் ஊறப்போட்டிருக்கிறேன், மசியாவிட்டால் கட்டிங் டிஸ்க்தான்.