அம்மப்பாட 78 தட்டு

இண்டைக்கு மட்டக்களப்புக் கல்லடியில ஒரு பொடியன், தன்ட அம்மப்பாட 78 இசைத்தட்டை, அதான் கிராமபோன்ல நிமிசத்துக்கு 78 தரம் சுத்துற பழைய தட்டை, ஸ்பிரிட்டால துடைக்கப் போனான்.

"மனே, அது அரக்கு. ஸ்பிரிட்டுல கரைஞ்சிரும்!" எண்டு தடுத்தன்.

துடைக்கிறதுக்குக் குளிர்ந்த தண்ணி, ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவுற சோப்பு, மெல்லிய பிரஷ். வரி ஓடுற போக்கிலேயே துடைக்கணும். நடு லேபல் நனையப்படாது. நிழல்ல நிமிர்த்திக் காய வைக்கணும். வெயில் பட்டா வளைஞ்சிரும்.

கிராமபோனுக்கு இரும்பு ஊசி, தட்டுட ஒரு பக்கத்துக்கு ஒண்டு. அரக்கோட கல்மாவும் கலந்திருக்கிறதால மூண்டு நிமிசத்துக்குள்ள முனை தேய்ஞ்சிரும். அதையே திரும்பப் போட்டா வரியைச் செதுக்கிப்போடும்.

பாடும்போது கிராமபோன் பெட்டிக்குள்ள "டொம்" எண்டு அடிச்சா, ஸ்பிரிங் கிறீஸ் இறுகிட்டு எண்டு அர்த்தம். முறுக்கு முழுக்க இறங்காமத் திறக்கவே வேணாம், கையை வெட்டிப்போடும்.

கரண்டும் இல்ல, பற்றரியும் இல்ல. ஊசிட அதிர்வுல ஒரு மெல்லிய மைக்காத் தகடு பாடுது. அதைக் கிட்ட நிண்டு பார்த்த பொடியன் இப்பவே அடுத்த தட்டுக் கேக்கான்.