முதல் தலைமுறை டேப்லெட் வாங்குமுன் ரேமைப் பாருங்கள்

புதிதாகச் சந்தைக்கு வரும் டேப்லெட் ஆகட்டும், செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைக்கும் பழைய மாடல் ஆகட்டும், எல்லாரும் முதலில் கேட்பது ஸ்டோரேஜ் எத்தனை ஜிபி, ப்ராசஸர் என்ன என்பதுதான். ஆனால் டேப்லெட் எத்தனை வருடம் உழைக்கும் என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது ரேம், அதாவது திறந்திருக்கும் ஆப்கள் இயங்கும் தற்காலிக நினைவகம். அதை வாங்கிய பிறகு கூட்ட வழியில்லை.

2010 ஏப்ரல் 3-ஆம் தேதி அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த முதல் ஐபேடை எடுத்துக்கொள்வோம். 9.7 அங்குலத் திரை, 1 கிகாஹெர்ட்ஸ் ஏ4 சிப், 16 ஜிபி மாடல் 499 டாலர். அந்த நாளில் அசத்தலான கருவி. ஆனால் ரேம் 256 எம்பிதான். அதே ஏ4 சிப்போடு அந்த ஜூனில் வந்த ஐபோன் 4-க்கு, அதைவிடக் குறைந்த பிக்சல் கொண்ட திரைக்கு, 512 எம்பி கொடுத்தார்கள். ஐபோன் 4, ஆப்பிளின் இயங்குதளமான ஐஓஎஸ்ஸின் 7-ஆம் பதிப்பு வரை போனது. ஐபேட் 2012-இல் 5.1.1-ஓடு நின்றுவிட்டது. 2011 மார்ச்சில் 512 எம்பியோடு வந்த ஐபேட் 2, ஐஓஎஸ் 9 வரை அப்டேட் வாங்கியது. 256 எம்பி ரேம் உள்ள எந்த ஐபோனும் ஐபேடும் ஐஓஎஸ் 6-ஐத் தாண்டவில்லை.

ரேம் பற்றாக்குறை 'மெமரி போதவில்லை' என்று அறிவித்துக்கொண்டு வராது. சஃபாரி பிரவுசரில் ஒரு பக்கத்தில் பாதி தட்டச்சு செய்துவிட்டு வேறு பக்கம் பார்த்துத் திரும்பினால், பழைய பக்கம் மறுபடி லோடாகி, எழுதியது போயிருக்கும். ஸ்கேன் செய்த பெரிய பிடிஎஃப்பைத் திறந்தால் ஆப் சத்தமில்லாமல் மூடி முகப்புத் திரை வந்து நிற்கும். கம்ப்யூட்டர்போல ஹார்ட் டிஸ்கில் தற்காலிகமாகத் தள்ளிவைக்கும் வசதி அந்த ஐஓஎஸ்ஸில் கிடையாது. இடம் போதாவிட்டால் பின்னணி ஆப்களை ஒவ்வொன்றாக மூடும், அப்படியும் போதாவிட்டால் நீங்கள் பார்த்துக்கொண்டிருப்பதையே மூடும். ஃபேக்டரி ரீசெட் செய்தாலும், 64 ஜிபி மாடலாகவே இருந்தாலும் இது சரியாகாது.

முதல் தலைமுறை என்றாலே ஒதுக்கவேண்டும் என்பதில்லை. 2015-இல் வந்த முதல் 12.9 அங்குல ஐபேட் ப்ரோவில் 4 ஜிபி ரேம் இருந்தது. அது ஐபேட்ஓஎஸ் (ஐபேடில் ஐஓஎஸ்ஸுக்குப் பின்னாளில் வந்த பெயர்) 16 வரை தாக்குப்பிடித்தது. முதல் ஐபேட் ஏர் (2013) 1 ஜிபியோடு வந்து ஐஓஎஸ் 12-இல் நின்றது. மறு வருடமே 2 ஜிபியோடு வந்த ஏர் 2 பதினைந்து வரை போனது. இந்தக் கணக்கு எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது: அடுத்த மாடலில் ரேம் இரட்டிப்பானால், முந்தைய மாடலின் ஆயுள் சட்டென்று சுருங்கிவிடுகிறது.

காலமும் பார்க்கவேண்டும். முதல் ஐபேட் இந்தியாவுக்கு முறைப்படி வந்தது 2011 ஜனவரி 28-ஆம் தேதி. மார்ச் 2-ஆம் தேதியே ஐபேட் 2 அறிவிக்கப்பட்டு, அமெரிக்காவில் பழைய மாடலின் விலை 100 டாலர் இறங்கியது. ஒரு மாடல் உலகச் சந்தைக்கு வந்து பத்து மாதம் ஆகியிருந்தால், அவசரம் இல்லாதவர்கள் பொறுத்திருப்பது நல்லது.

ஆண்ட்ராய்டு டேப்லெட் என்றால் '4+4 ஜிபி' விளம்பரத்தைக் கவனியுங்கள். இரண்டாவது 4 ஜிபி, ஸ்டோரேஜிலிருந்து கடன் வாங்கும் விர்ச்சுவல் ரேம். ரேமைவிடப் பலமடங்கு மெதுவானது, கணக்கில் சேர்க்காதீர்கள். உண்மையான 4 ஜிபிக்குக் குறைவாக இருந்தால் வாங்கவேண்டாம் என்பேன். எத்தனை ஆண்ட்ராய்டு அப்டேட் தருவதாக நிறுவனம் எழுத்தில் சொல்லியிருக்கிறது என்பதையும் கேளுங்கள்.

இன்றைக்கு யாராவது முதல் ஐபேடைக் குறைந்த விலைக்குத் தந்தால்? இணையத்துக்கு வேண்டாம். அதன் பழைய யூடியூப் ஆப் 2015-லேயே நின்றுபோனது. லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற அமைப்பு தரும் பாதுகாப்புச் சான்றிதழைப் பயன்படுத்தும் தளங்களைத் திறந்தால் எச்சரிக்கை வரும். அந்தச் சான்றிதழ்களைச் சரிபார்க்க ஐபேட் நம்பியிருந்த பழைய மூலச் சான்றிதழ் 2021 செப்டம்பரில் காலாவதியாகிவிட்டது. தமிழ் விசைப்பலகை ஐஓஎஸ் 7-இல்தான் உள்ளேயே வந்தது, ஆகவே இதில் இல்லை. கேமராவும் இல்லை. டிவியில் இணைத்தால் திரை முழுவதும் அப்படியே தெரியாது. வீடியோ வெளியீட்டை ஆதரிக்கும் ஆப்கள் மட்டும் தெரியும். கம்ப்யூட்டரிலிருந்து ஏற்றிய பாட்டு, படம், மின்னூல் என்றால் மட்டும் யோசிக்கலாம்.

அப்படி வாங்கினால் 30 பின் கேபிளும் 10 வாட் சார்ஜரும் சேர்த்துக் கேளுங்கள். பெரும்பாலான லேப்டாப்களின் யுஎஸ்பியில் செருகினால் 'நாட் சார்ஜிங்' என்று காட்டும். அது பழுது இல்லை, மின்சாரம் போதவில்லை. கண்ணாடியின் ஓரம் மேலெழும்பியிருந்தால் பேட்டரி உப்பியிருக்கிறது, தொடவேண்டாம். ஜிபிஎஸ் தேவை என்றால் 3ஜி மாடலில்தான் உண்டு.

ஐபேடின் செட்டிங்ஸில் ரேம் அளவு தெரியாது. பின்புறம் சிறிய எழுத்தில் உள்ள மாடல் எண்ணைப் படியுங்கள். ஏ1219 அல்லது ஏ1337 என்றால் 256 எம்பி கொண்ட முதல் ஐபேட். வைஃபை மாடல்களில் ஏ1395 ஐபேட் 2, ஏ1474 முதல் ஏர், ஏ1566 ஏர் 2. விற்பவர் 'ஐபேட் ஏர்' என்று மட்டும் சொன்னால், விலை பேசுமுன் அந்த எண்ணைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.