சிக்கனத்தின் சுமை யார் தலையில்?

பிள்ளைகளின் உடுப்பில் நிறைய மிச்சம் பிடிக்கலாம். ஒரு அளவு பெரியதாக வாங்கி, கீழ் விளிம்பை 5 செ.மீ. உள்ளே மடித்துத் தைத்துவிட்டால், வளர வளரப் பிரித்து இறக்கலாம். பருத்தித் துணியை மடிக்கும் முன் ஒருமுறை நனைத்துக் காயவைக்க வேண்டும். இல்லாவிட்டால் பிறகு துவைக்கும்போது சுருங்கி, விட்டுவைத்த துணியில் ஒரு பகுதி அதற்கே போய்விடும். காலணிக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. விரல் நுனிக்கு முன்னால் சுமார் 1 செ.மீ. இடம் போதும், மிகுந்தால் கால் வழுக்கும், பிள்ளை தடுக்கி விழும். பழைய பொருள்களைக் கைமாற்றும்போதும் கவனம் வேண்டும்: அடிபட்ட தலைக்கவசத்தை வாங்கவும் வேண்டாம், பிறருக்குக் கொடுக்கவும் வேண்டாம். உள்நுரை நசுங்கியிருந்தாலும் வெளியே தெரியாது.

மற்ற பொருள்களைக் கொடுக்கும்போது துவைத்து, பொத்தான் தைத்து, ஜிப் ஓடுகிறதா என்று பார்த்துக் கொடுங்கள். கிழிந்ததைத் தந்தால் நம் குப்பையைப் பெறுபவர்கள் கொட்ட வேண்டியிருக்கும். அது துடைக்கும் துணியாக நம் வீட்டிலேயே இருக்கட்டும்.

தையல்காரரின் கூலியைக் குறைப்பதைச் சிக்கனம் என்று நான் ஏற்கமாட்டேன். முன்பே பேசி, வேலை முடிந்த அன்றே கொடுத்துவிட வேண்டும். வீட்டுக்குள்ளும் நியாயம் தேவை: அண்ணன் அக்காவின் பழைய உடுப்பையே போடும் இளைய பிள்ளைக்கு, தானே தேர்ந்தெடுத்த புது உடுப்பு ஒன்றாவது ஆண்டுதோறும் கிடைக்கட்டும்.