சான்றிதழ் இருக்கா என்று மட்டும் கேட்டால் போதாது

மீட்புக் குழுவுக்குக் கருவி வாங்கும்போது பெரும்பாலும் கேட்கப்படுவது ஒரே கேள்விதான்: "இதுக்கு சர்டிஃபிகேட் இருக்கா?" இருக்கு என்று பதில் வந்ததும் பேச்சு விலைக்குப் போய்விடுகிறது. எதற்கான சான்றிதழ், எந்தச் சோதனையில் தேறியது, சோதித்தது யார் என்று மேற்கொண்டு கேட்பவர்கள் குறைவு. கயிற்றில் தொங்கப் போகிறவரின் உயிர் சம்பந்தப்பட்டது என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஹெல்மெட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு ஹெல்மெட்டுகளை அருகருகே வைத்தால் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், சில சமயம் ஒரே கம்பெனி, ஒரே நிறம்கூட. உள்ளே திருப்பிப் பார்த்தால் ஒன்றில் ஈஎன் (ஐரோப்பியத் தரம்) 397 என்றும் இன்னொன்றில் ஈஎன் 12492 என்றும் இருக்கும். முதலாவது தொழிற்சாலை, கட்டுமான வேலைகளுக்கானது. அந்தத் தரத்தின் 2012 பதிப்புப்படி, தாடைப் பட்டை 150 நியூட்டனுக்குக் குறையாத, 250 நியூட்டனைத் தாண்டாத விசையில் கழன்றுவிட வேண்டும், ஏனென்றால் ஹெல்மெட் எதிலாவது மாட்டிக்கொண்டால் பட்டை கழுத்தை இறுக்கிவிடக் கூடாது. இரண்டாவது மலையேறுபவர்களுக்கானது, அதில் 500 நியூட்டன் விசையில் இழுத்தாலும் பட்டை தாங்கி நிற்க வேண்டும். பாறையில் விழுகிறவர் ஒருமுறை மட்டும் மோதுவதில்லை, முதல் மோதலிலேயே ஹெல்மெட் பறந்துவிட்டால் அடுத்த மோதலுக்கு வெறும் தலைதான் மிஞ்சும். ஒன்று கழல வேண்டும், மற்றது கழலவே கூடாது, இரண்டும் முறையாகச் சான்று பெற்றவை. உங்கள் குழு எங்கே, என்ன மாதிரி வேலைக்குப் போகிறது என்று தெரியாமல் இதில் எதை வாங்குவது என்று யாராலும் சொல்ல முடியாது. ஓடும் நீரில் இறங்குகிற குழு என்றால் இரண்டையும் விட்டுவிட்டு ஈஎன் 1385 பார்க்க வேண்டும், அது வேறு கதை.

லைஃப் ஜாக்கெட்டிலும் இதேதான். ஐஎஸ்ஓ 12402 தரத்தில் 50, 100, 150, 275 என்று மிதப்பு விசையை நியூட்டனில் பிரித்திருக்கிறார்கள். 50 என்பது நீந்தத் தெரிந்தவருக்கு ஒரு துணை, அவ்வளவுதான். மயங்கிப்போனவரை மல்லாக்கத் திருப்பி முகத்தைத் தண்ணீருக்கு மேலே வைப்பது அதன் வேலை இல்லை. மீட்கப்பட்டவருக்குப் போட்டுவிட அதை வாங்கி அடுக்குவது எனக்குக் கொஞ்சமும் சம்மதமில்லை.

சரி, கயிற்றுக்கு வருவோம். ஈஎன் 1891 என்பது அதிகம் நீளாத கயிறுகளுக்கான தரம். அந்தக் கயிற்றின் வெட்டுமுனையைப் பிரித்துப் பாருங்கள், உள்ளிழைகளுக்கு நடுவே மெல்லிய நாடா ஒன்று ஓடும். தயாரித்தவர் பெயர், தர எண், ஏ அல்லது பி வகை, தயாரித்த ஆண்டு, என்ன இழை என்பதெல்லாம் அதில் திரும்பத் திரும்ப அச்சாகி இருக்கும். அட்டைப்பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும் நான் நம்புவது இந்த நாடாவைத்தான். ஏ வகைக் கயிறு 22 கிலோநியூட்டன் தாங்க வேண்டும், முனையில் முடிச்சுப் போட்ட நிலையில் 15 கிலோநியூட்டனை மூன்று நிமிடம். ஒரு கிலோநியூட்டன் ஏறக்குறைய 100 கிலோ எடை என்பதால், 2200 கிலோ தாங்குமே, இன்னும் நாலு பேரை ஏற்றலாமே என்று கணக்குப் போடுகிறவர்கள் உண்டு. அந்த எண் புதுக் கயிற்றை ஆய்வகத்தில் நிதானமாக இழுத்தபோது வந்தது. கூரான பாறை விளிம்பில் உரசினால் என்ன ஆகும் என்று அந்தத் தரத்தில் சோதிப்பதே இல்லை, விளிம்புக்குக் காப்பு வைப்பது நம் பொறுப்பு.

அப்புறம் அந்தச் சான்றிதழ்த் தாள். ஐஎஸ்ஓ 9001 சான்றிதழை நீட்டி இது போதும் என்பார்கள். அது நிறுவனத்தின் நிர்வாக முறைக்குக் கொடுப்பது, கையில் இருக்கும் கொக்கியைப் பற்றி அது ஒன்றுமே சொல்லாது. ஐரோப்பிய ஒழுங்குமுறை 2016/425 படி, உயரத்திலிருந்து விழாமல் காக்கும் கருவிகள் மூன்றாம் பிரிவில் வரும். அவற்றில் சிஇ குறிக்கு (ஐரோப்பிய விதிகளுக்கு உட்பட்டது என்று தயாரிப்பாளர் இடும் முத்திரை) பக்கத்தில் நான்கு இலக்க எண் இருந்தாக வேண்டும், தயாரிப்பைத் தொடர்ந்து கண்காணிக்கும் வெளி அமைப்பின் எண் அது. ஹார்னஸில் (உடலில் மாட்டிக்கொள்ளும் பட்டைத் தொகுப்பு) வெறும் சிஇ மட்டும் இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். எண் இருந்தாலும் அந்த அமைப்பு உண்மையிலேயே இருக்கிறதா, இந்த வகைக் கருவிக்கு அதற்கு அதிகாரம் உண்டா என்று ஐரோப்பிய ஆணையத்தின் நாண்டோ தரவுத்தளத்தில் தேடிப் பார்க்கலாம், யார் வேண்டுமானாலும் இலவசமாக. மாதிரிக்கான வகைச் சான்றிதழின் ஆயுள் அதிகபட்சம் 5 ஆண்டு, அதனால் கருவியைத் தயாரித்த தேதி அந்தக் காலத்துக்குள் வருகிறதா என்றும் ஒரு பார்வை பாருங்கள்.

இத்தனையும் கருவி கடையைவிட்டுக் கிளம்பும் வரைக்கும்தான். நைலான் கயிறு வண்டியில் பேட்டரிக்குப் பக்கத்தில் கிடந்து அமிலம் பட்டால் வெளியே ஒன்றுமே தெரியாமல் உள்ளே பலம் போய்விடும், அதை எந்த முத்திரையும் காட்டிக்கொடுக்காது. ஒவ்வொரு கயிற்றுக்கும் ஒரு எண் போட்டு, எங்கே போனது, எவ்வளவு எடை, ஏதாவது விழுந்ததா என்று அன்றன்றைக்கே நோட்டில் எழுதச் சொல்லுங்கள். பதிவு இல்லாத கயிறு பார்க்கப் புதுசாகவே இருந்தாலும் அதில் ஆளை ஏற்றக் கூடாது. கழித்த கயிற்றை அன்றே துண்டு துண்டாக வெட்டிவிடுங்கள், முழுதாக மூலையில் கிடந்தால் அவசரத்தில் யாராவது எடுத்துக்கொண்டு ஓடிவிடுவார்கள்.