ஏழு கையெழுத்தும் பதினோராம் படியும்: லைப்சிக் லோக் கிளப்பின் வரலாறு

2004 அக்டோபர் 9, சனிக்கிழமை. ஜெர்மனியின் லைப்சிக் நகரில் ஒரு லீக் ஆட்டம். அந்நாட்டுக் கால்பந்து ஏணியில் அதற்குக் கீழே படியே கிடையாது; பதினோராம் பிரிவு. எதிரணி, கிரோஸ்டாய்பன் என்ற சிற்றூர் கிளப்பின் இரண்டாம் அணி. பார்க்க வந்தவர்கள் 12,421 பேர். மாவட்ட லீக்கின் கடைசி டிவிஷனில், யாரோ ஒரு கிளப்பின் ‘பி’ டீமோடு நடக்கிற ஆட்டத்துக்குப் பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானம் நிரம்பி வெளியேயும் கூட்டம் நின்றால் எப்படியோ, அப்படி.

அந்தக் கூட்டத்தை இழுத்த கிளப்பின் பெயர் 1. எஃப்.சி. லோகோமோட்டிவ் லைப்சிக், சுருக்கமாக லோக். அப்போது அதற்கு வயது ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஆனால் அதன் வேர் ஜெர்மனியின் முதல் சாம்பியன் அணி வரைக்கும் போகிறது. இந்த இரண்டும் ஒரே நேரத்தில் எப்படி உண்மையாக இருக்க முடியும் என்பதைப் புரிந்துகொண்டால், ஒரு கிளப் எதனால் ஆனது என்பதும் புரியும். உவரியிலோ இடிந்தகரையிலோ மேலப்பாளையத்திலோ டீம் நடத்துகிறவர்களுக்கு இது நேரடியாக உதவும் என்பதால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறோம்.

லைப்சிக் என்றால் ஜெர்மன் கால்பந்துக்கு நம்ம நெல்லையப்பர் கோயில் வாசல் மாதிரி. எல்லாம் அங்கிருந்துதான் கிளம்பியது. 1900 ஜனவரி 28 அன்று ஜெர்மன் கால்பந்துச் சங்கம் இந்த ஊரின் ‘மரியன்கார்டன்’ உணவகத்தில்தான் தொடங்கப்பட்டது. 1903இல் அந்தச் சங்கம் முதல் தேசியப் போட்டியை நடத்தியது. கால்இறுதியில் பெர்லினின் பிரிட்டானியாவை 3–1, அரையிறுதியில் அல்டோனா 93 அணியை 6–3 என வென்று, உள்ளூர் வி.எஃப்.பி. லைப்சிக் இறுதிக்கு வந்தது. எதிரே டி.எஃப்.சி. பிராக். பிராக் அன்று ஆஸ்திரியப் பேரரசின் ஊர். ஜெர்மன் போட்டியில் அதற்கு என்ன வேலை என்று தோன்றும். சங்கத்தின் முதல் தலைவரே அந்தக் கிளப்பைச் சேர்ந்தவர்தான். அரையிறுதியே ஆடாமல்தான் பிராக் இறுதிக்கு வந்திருந்தது. எதிரே ஆட வேண்டிய கார்ல்ஸ்ரூ அணிக்கு “ஆட்டம் ஒத்திவைக்கப்பட்டது” என்று ஒரு தந்தி போக, அதை நம்பி அவர்கள் ரயில் ஏறவே இல்லை. தந்தி போலி. ஆனாலும் நீக்கப்பட்டது கார்ல்ஸ்ரூதான்.

மே 31 அன்று அல்டோனாவில் இறுதிப் போட்டி. உருப்படியான பந்து கிடைக்காமல் ஆட்டம் தாமதமாகத் தொடங்கியது. முதல் பாதி 1–1. முடிவில் லைப்சிக் 7–2. பிறகு 1906, 1913 என மேலும் இரண்டு பட்டங்கள். 1936ஆம் ஆண்டுக் கோப்பைக்கான இறுதி ஆட்டத்தில், அந்தக் காலத்தில் யாராலும் அசைக்க முடியாத ஷால்கேயை 2–1 என வென்றார்கள்.

1945க்குப் பிறகு கதை வேறு. போரில் வென்ற நாடுகள் பழைய சங்கங்களையெல்லாம் கலைத்தன. ஆட்டக்காரர்கள் அங்கேயேதான் இருந்தார்கள். புரோப்ஸ்ட்ஹைடா பகுதியில் 1922இல் திறந்த மைதானமும் அப்படியே இருந்தது. பெயர்தான் மாறிக்கொண்டே போனது: புரோப்ஸ்ட்ஹைடா, எரிஷ் சைக்னர், ஐன்ஹைட் ஓஸ்ட், ரொட்டாசியோன், எஸ்.சி. லைப்சிக். கடைசியில் 1966 ஜனவரியில் 1. எஃப்.சி. லோகோமோட்டிவ். கிழக்கு ஜெர்மனியில் விளையாட்டு அமைப்புகளை அரசுத் தொழில்கள் தாங்கின; ‘லோகோமோட்டிவ்’ என்றால் ரயில்வே. சென்னையில் ஐ.சி.எஃப்., சதர்ன் ரயில்வே டீம்களைப் பார்த்தவர்களுக்கு இந்த ஏற்பாடு உடனே பிடிபடும். சம்பளம், வேலை, மைதானப் பராமரிப்பு எல்லாம் நிர்வாகத்தின் கணக்கு. வாயிற்கட்டணத்தை நம்பி யாரும் இல்லை. இந்த வசதிதான் பின்னால் கழுத்தை நெரித்தது.

லோக் கிழக்கு ஜெர்மனி லீக்கை ஒருமுறைகூட வெல்லவில்லை. கோப்பையை 1976, 1981, 1986, 1987 ஆகிய ஆண்டுகளில் வென்றது. ஐரோப்பியக் கிளப்புகள் ஆடும் யூஈஎஃப்ஏ கோப்பையில் 1973–74இல் டொரினோ, வுல்வர்ஹாம்டன், டுசெல்டோர்ஃப், இப்ஸ்விச் என வரிசையாக வீழ்த்தி, அரையிறுதியில் டாட்டன்ஹாமிடம் தோற்றது.

ஆனால் அந்த ஊர்க்காரர்கள் சொல்லிச் சொல்லி மாளாத இரவு 1987 ஏப்ரல் 22. ஐரோப்பிய நாடுகளின் கோப்பை வென்ற அணிகள் மோதும் கப் வின்னர்ஸ் கோப்பை அரையிறுதியில் பிரான்சின் போர்தோவை அவர்கள் ஊரிலேயே 1–0 என வென்றுவிட்டு வந்திருந்தார்கள். திரும்ப ஆடிய ஆட்டத்தில் போர்தோ 1–0. எக்ஸ்ட்ரா டைமிலும் மாற்றமில்லை, டை-பிரேக்கர். சென்ட்ரல் ஸ்டேடியத்தில் அதிகாரபூர்வக் கணக்கு 73,000 பேர். உள்ளே இருந்தவர்கள் அதைவிட மிக அதிகம் என்பதுதான் ஊர்ப் பேச்சு. கோல்கீப்பர் ரெனே முல்லர் இரண்டு உதைகளைத் தடுத்தார். 5–5 என்று நின்றபோது பந்தை எடுத்து வைத்துக் கடைசி உதையை அவரே உதைத்தார். கோல். 6–5. மே 13 அன்று ஏதென்ஸில் இறுதிப் போட்டி. அயாக்ஸுக்காக வான் பாஸ்டன் தலையால் முட்டிய ஒரே கோலில் கோப்பை போனது.

மூன்றே ஆண்டுகளில் நாடே இல்லாமல் போனது. ரயில்வேயின் தாங்கல் நின்றது, நல்ல ஆட்டக்காரர்கள் மேற்கே போனார்கள். 1991இல் கிளப் பழைய பெயருக்கே திரும்பியது: வி.எஃப்.பி. லைப்சிக். 1903இன் பெருமை ஸ்பான்சரை இழுக்கும் என்பது கணக்கு. 1993இல் இரண்டாம் பிரிவில் மூன்றாம் இடம் பிடித்து ஜெர்மனியின் முதல் பிரிவான பூண்டஸ்லிகாவுக்கும் ஏறினார்கள். அங்கே 34 ஆட்டங்களில் 3 வெற்றி, கடைசி இடம். பெரிய லீக்குக்கு ஏற்றபடி செலவை ஏற்றிவிட்டு ஒரே வருடத்தில் இறங்கினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் இல்லை. வரவு மறுநாளே குறையும், ஒப்பந்தங்கள் குறையாது. 1998இல் இரண்டாம் பிரிவிலிருந்தும் இறக்கம், அடுத்து ஒரு திவால், 2004இல் இன்னொரு திவால். அந்தப் பருவத்தின் முடிவுகள் ரத்தாயின, அணி கலைந்தது.

இப்போது விஷயத்துக்கு வருவோம். ஜெர்மனியில் ஒரு கிளப்பை நான்காகப் பிரித்துப் பார்க்கலாம்: பெயர், மைதானம், சங்கப் பதிவு, லீக்கில் ஆடும் உரிமை. முதல் இரண்டும்தான் ரசிகன் கண்ணுக்குத் தெரியும். ஆனால் ஆடும் உரிமை பதிவு பெற்ற சங்கத்தோடு கட்டப்பட்டது. சங்கம் கலைந்தால், அதே சட்டை, அதே மைதானம், அதே ஆட்கள் என்று வந்து நின்றாலும் பயனில்லை. புதுச் சங்கம் வட்டார லீக்கின் அடியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

லைப்சிக் ரசிகர்கள் செய்த புத்திசாலித்தனம், சாவு வரும்வரை காத்திருக்காததுதான். 2003 டிசம்பர் 10 அன்று, பழைய கிளப் இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்போதே, லோகோமோட்டிவ் என்ற பெயரில் புதுச் சங்கத்தைத் தொடங்கிவிட்டார்கள். ஜெர்மன் சட்டப்படி பதிவுக்குக் குறைந்தது ஏழு உறுப்பினர்கள் வேண்டும். விதிமுறைகளில் ஏழு பேர் கையெழுத்திட வேண்டும். நிர்வாகக் குழு வட்டார நீதிமன்றத்தில் பதிய வேண்டும். 2004 கோடையில் பழையது விழுந்தபோது இளையோர் அணிகளும் பெண்கள் அணியும் ஒதுங்க ஒரு கூரை தயாராக இருந்தது. அது மட்டும் இல்லாவிட்டால் பிள்ளைகள் பக்கத்துக் கிளப்புகளுக்குச் சிதறியிருப்பார்கள். சீனியர் டீமைப் பத்து வருடத்தில் திரும்பக் கட்டிவிடலாம். சிதறிய ஜூனியர் பிரிவைச் சேர்ப்பது அவ்வளவு லேசு இல்லை.

நம்ம தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975 கேட்பதும் அதே ஏழு பேர்தான். மாவட்டப் பதிவாளரிடம் பதிந்துவிட்டு மறந்துபோவதுதான் நம்ம பக்கம் நடக்கிற தவறு. வருடாந்தரக் கூட்டத் தீர்மானம், வரவு செலவுக் கணக்கு, நிர்வாகிகள் மாறினால் அந்த மாற்றம், எல்லாவற்றையும் காலத்தில் தாக்கல் செய்ய வேண்டும். செயலாளர் வெளிநாடு போய்விட்டார், மினிட் புத்தகம் அவர் வீட்டு பீரோவில் இருக்கிறது என்ற நிலை வந்தால், டீம் ஆடிக்கொண்டே இருக்கும்போதே சங்கம் செத்திருக்கும். ஸ்பான்சர் காசோலையோடு வரும்போதோ, பேங்க் கணக்கில் கையெழுத்து மாற்றும்போதோதான் அது தெரியவரும்.

லோக் பதினோராம் பிரிவில் முதலிடம் பிடித்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு படியாக ஏறவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2005இல் டோர்காவ் ஊர் கிளப் ஒன்றோடு இணைந்து, அதன் ஆடும் உரிமை வழியாகச் சில படிகளைத் தாண்டினார்கள். விதிக்கு உட்பட்டதுதான். ஆனால் 2009இல் அதே நகரில் ரெட் புல் நிறுவனம் தொடங்கிய ஆர்.பி. லைப்சிக், மார்க்ரான்ஷ்டெட் கிளப்பின் உரிமையை வாங்கி நேராக ஐந்தாம் பிரிவில் இறங்கியதைக் குறை சொல்லும்போது, லோக் ரசிகர்கள் டோர்காவையும் நினைவில் வைத்துக்கொள்வது நியாயம். உண்மையான வித்தியாசம் உறுப்பினர் பதிவேட்டில் இருக்கிறது. லோக் பக்கம் சந்தா கட்டுகிற எவருக்கும் ஓட்டு. ஆர்.பி. பக்கம் ஓட்டுள்ளவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடிய சிலர். ஏழு பேர் போதும் என்ற அதே விதி, ஒருவருக்குக் கதவு, இன்னொருவருக்குச் சுவர்.

லோக் 2008இல் ஐந்தாம் பிரிவு, 2012இல் நான்காம் பிரிவு, 2014இல் இறக்கம், 2016இல் மறுபடி நான்காம் பிரிவு. அதற்கு மேல்தான் முட்டுக்கட்டை. நான்காம் பிரிவில் ஐந்து மண்டல லீக்குகள். மேலே ஏற இடம் நான்கு. மேற்கு, தென்மேற்கு சாம்பியன்களுக்கு ஒவ்வொரு ஆண்டும் நேரடி இடம். வடக்கு, வடகிழக்கு, பவேரியா மூன்றும் சுழற்சி முறையில் ஒரு நேரடி இடத்தைப் பகிர, மீதி இரண்டு சாம்பியன்களும் ஒருவரோடொருவர் மோத வேண்டும். முழுப் பருவமும் முதலிடம் பிடித்தவன் இரண்டே ஆட்டத்தில் எல்லாவற்றையும் இழக்கலாம். எங்கள் கண்ணுக்கு இது அப்பட்டமான அநீதி.

2020இல் கொரோனாவால் பருவம் பாதியில் நின்றது. சராசரிப் புள்ளிக் கணக்கில் லோக் சாம்பியன். அன்று நேரடி இடங்களின் பங்கீடு வேறு என்பதால், அந்த ஆண்டு மேற்கிலிருந்து வந்த வெர்ல் அணியோடு மோதல்: லைப்சிக்கில் 2–2, வெர்லின் சொந்த ஆட்டத்தில் 1–1. ஒரு ஆட்டத்திலும் தோற்கவில்லை. ஆனால் வெளியூரில் வெர்ல் அடித்தது இரண்டு கோல், லோக் அடித்தது ஒன்று. எவே கோல் விதிப்படி வெர்ல் ஏறியது. 2025இல் மறுபடி வடகிழக்கு சாம்பியன். இம்முறை எதிரே வடக்கின் ஹாவல்சே. முதல் ஆட்டம் 1–1, இரண்டாவது எக்ஸ்ட்ரா டைம் வரை போய் 0–3.